வாய்மொழி உத்தரவு

என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எலிமெண்டரி பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுப் பத்திரமும் 2,000 ரூபாய்க்கு எடுத்த ஓர் இன்ஷ்யூரன்ஸ் பாலிசியும் தவிர, ஆஸ்தி என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் கிடையாது. பாலிசி ஓரியண்டல் கம்பெனியில் எடுத்தது. 1956-ல் அந்தக் கம்பெனி மற்ற கம்பெனிகளோடு சேர்ந்து மறைந்து எல்.ஐ.சி. ஆனபோது ஏஜெண்ட் அண்ணாச்சி சைக்கிளில் வந்தார். "இனிமே சர்க்காரே பொறுப்பு, ஸார்வாள். நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

1958 தொடக்கத்தில் அப்பா சுதேசமித்திரனைத் திண்ணையில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார். பம்பாயில் ஏதோ விசாரணை. எனக்கு 10 வயது. முந்த்ரா என்ற பெயர் முந்திரி மாதிரி இருந்ததால் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நம்ம பணம்டா அது" என்றார். அந்த விஷயத்தில் அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

முந்த்ரா விவகாரம் இன்று பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் கையேட்டில் ஒரு வரி. சுதந்திர இந்தியாவின் ஊழல் பட்டியலில் ஆரம்ப இடங்களில் ஒன்று. பட்டியலாகப் பார்க்கிறவர்களுக்கு அதற்குப் பிறகு வந்தவற்றின் முன் அது பொடி விஷயம். ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய். இன்றைக்கு ஒரு கவுன்சிலர் தேர்தல் என்று யாராவது கேலி செய்யலாம். எனக்கு அந்த விவகாரத்தில் முக்கியமாகப்படுவது தொகை இல்லை. நம் ஜனநாயகத்தில் ஒரு மந்திரி, ஒரு காரியதரிசி, ஒரு கார்ப்பரேஷன் சேர்மன், ஒரு ரிசர்வ் பாங்க் கவர்னர் இவர்களெல்லாம் சாதாரண ஜனங்கள் காதுபடப் பதில் சொல்ல நேர்ந்தது அப்போதுதான். அப்படி நேர்ந்ததிலிருந்து ஆட்சி என்ன கற்றுக்கொண்டது என்பதுதான் நான் கேட்கிற கேள்வி.

*

கதை முந்த்ராவுக்கு முன்பே தொடங்குகிறது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி, ரேபரேலி தொகுதியின் காங்கிரஸ் அங்கத்தினர், பிரதமரின் மருமகன், தனியார் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகள் பாலிசிதாரர்களின் பணத்தைத் தங்கள் சொந்த வியாபாரச் சூதாட்டத்துக்கு எடுத்துக்கொள்வதைப் பாராளுமன்றத்தில் விவரமாக எடுத்துவைத்தார். டால்மியா கோஷ்டியின் பாரத் இன்ஷ்யூரன்ஸ் அதில் பிரதானம். டால்மியா பின்னர் சிறைக்கே போனார். 1956 ஜனவரியில் அவசரச் சட்டம், செப்டம்பர் 1-ல் கார்ப்பரேஷன். 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாயின. விதவைகளின் பணமும் வாத்தியார்களின் பணமும் முதலாளிகளின் கையிலிருந்து மீட்கப்பட்டு ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு வந்துவிட்டன. அப்போது அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள். அண்ணாச்சியும் நம்பித்தான் சொன்னார்.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில் கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார். கம்பெனிகளை வாங்கி, அவற்றின் பங்குகளை அடகு வைத்து, அந்தப் பணத்தில் மேலும் கம்பெனிகளை வாங்கிய மனிதர். அவர் நிதி இலாகாவின் பிரதான காரியதரிசி எச். எம். படேலுக்கு எழுதினார். சில நாட்களில் எல்.ஐ.சி. அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை வாங்கியது. ரிச்சர்ட்ஸன் க்ரட்டாஸ், ஜெஸ்ஸாப், ஸ்மித் ஸ்டேனிஸ்ட்ரீட், ஆஸ்லர் லாம்ப்ஸ், ஏஞ்சலோ பிரதர்ஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன். பணத்தை எதில் போடலாம் என்று யோசனை சொல்வதற்கென்றே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. அதைக் கேட்கவில்லை. சந்தையில் கிடைக்கும் விலையைவிட அதிகமாகக் கொடுத்து வாங்கியதும் அதில் உண்டு. கல்கத்தா பங்குச் சந்தை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கத்தான் இது என்று பின்னால் ஒரு காரணம் சொல்லப்பட்டது. ஒரே மனிதனின் பங்குகளை அவனிடமிருந்தே வாங்கினால் சந்தை எப்படி நிமிரும் என்று அதை நம்புகிறவர்கள்தான் விளக்க வேண்டும்.

இந்த இடத்தில் சட்டத்தின் ஒரு சின்னப் பிரிவைப் பார்க்க வேண்டும். எல்.ஐ.சி. சட்டத்தின் 21-வது பிரிவு, பொதுநலன் சம்பந்தப்பட்ட கொள்கை விஷயங்களில் மத்திய அரசு கார்ப்பரேஷனுக்கு உத்தரவிடலாம் என்கிறது. ஆனால் எழுத்து மூலம். அந்த இரண்டு வார்த்தைகளைச் சட்டத்தில் போட்டவர் யாராயிருந்தாலும் அவர் மனித சுபாவம் தெரிந்தவர். முந்த்ரா பங்குகளை வாங்கச் சொல்லி அப்படி எழுதிய உத்தரவு எதுவும் கிடையாது. பேச்சு இருந்தது. சந்திப்புகள் இருந்தன. பம்பாயில் பெரிய மனிதர்கள் ஒரே கட்டடத்தில் இருந்த நேரங்கள் இருந்தன. யாரோ யாரிடமோ தலையசைத்திருக்கிறார்கள். கோடிக்கு மேற்பட்ட ரூபாய் ஒரு தலையசைப்பில் நகர்ந்தது.

பாராளுமன்றத்தில் கேள்வி வந்தபோது அரசின் பதில் வழுக்கியது. டிசம்பர் 16-ல் பெரோஸ் காந்தி எழுந்து பேசினார். ஆளும் கட்சியின் பெஞ்சிலிருந்து, மாமனார் தலைமை வகிக்கும் அரசை எதிர்த்து. அந்தப் பேச்சு மறுநாள் பத்திரிகைகளில் தடையில்லாமல் வர முடிந்ததற்கும் அவரே காரணம். பாராளுமன்ற நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைக்குப் பாதுகாப்புத் தரும் 1956-ம் வருடச் சட்டம் அவர் தனி அங்கத்தினராகக் கொண்டுவந்த மசோதாதான். அந்தச் சட்டத்தை அவசரநிலைக் காலத்தில் அவருடைய மனைவியின் அரசு ரத்து செய்தது. 1977-ல் அது திரும்பி வந்தது. இதற்குமேல் இதில் நான் வியாக்யானம் செய்ய எதுவும் இல்லை.

*

பம்பாய் ஹைகோர்ட்டின் பிரதம நீதிபதி எம். சி. சாக்ளா ஒற்றை ஆளாக விசாரணைக் கமிஷன். கமிஷன் என்றால் நமக்கு இன்று என்ன ஞாபகம் வரும்? தவணை நீட்டிப்பு, மறுபடியும் தவணை நீட்டிப்பு, கடைசியில் யாரும் படிக்காத ஒரு தலையணை. சாக்ளா 1958 ஜனவரியில் நியமிக்கப்பட்டு 24 நாளில் அறிக்கை கொடுத்துவிட்டார். பிப்ரவரி 10-ம் தேதி. விசாரணை பகிரங்கமாக நடந்தது. உள்ளே இடம் கிடைக்காத ஜனங்கள் வெளியே கூடவே, அவர்கள் கேட்பதற்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். இதைச் சாக்ளாவே தம் சுயசரிதையில் நினைவுகூர்கிறார்.

அந்த ஒலிபெருக்கியை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் ஒலிபெருக்கி என்றால் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் தேர்தலுக்கும்தான். தேர்தலில் அது ஜனங்களிடம் பேசும், ஜனங்களுக்காகப் பதில் சொல்லாது. பம்பாயில் அது வேறு காரியம் செய்தது. நிதி மந்திரி தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்வதைத் தெருவில் நின்றவன் கேட்டான். ரிசர்வ் பாங்க் கவர்னர் எச். வி. ஆர். ஐயங்கார் சாட்சி சொல்வதைக் கேட்டான். அட்டர்னி ஜெனரல் செதல்வாட் அரசைக் காப்பாற்றும் வக்கீலாக இல்லாமல் கமிஷனுக்கு உண்மையைத் தேடித்தரும் வக்கீலாகக் கேள்வி கேட்பதைக் கேட்டான். டில்லியில் இந்த முறை எல்லோருக்கும் ருசிக்கவில்லை. ருசித்திருந்தால்தான் ஆச்சரியம்.

விசாரணை கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நின்றது. சரி என்று சொன்னது யார்? மந்திரியின் சம்மதத்தோடுதான் செய்தேன் என்பது காரியதரிசி படேலின் நிலை. நான் சம்மதம் தரவில்லை என்பது மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் நிலை. இருவரும் கெட்டிக்காரர்கள், இருவரும் உழைப்பாளிகள். இருவரில் எவரும் ஒரு பைசா சட்டைப்பையில் போட்டுக்கொண்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. நடுவில் இருக்கவேண்டிய காகிதம் மட்டும் இல்லை.

காகிதம் இல்லாத இடத்தில் ஒரு நீதிபதி என்ன செய்ய முடியும்? சந்தேகத்தின் பலனை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். பிற்காலத்தில் அநேகர் அதைத்தான் செய்தார்கள். சாக்ளா வேறு தர்க்கத்தைப் பிடித்தார். காரியதரிசியின் செய்கைக்கு அரசியல் சாசன ரீதியாக மந்திரியே பொறுப்பு. அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் மந்திரி ஒளிந்துகொள்ள முடியாது. தெரிந்த பிறகு மறுக்காமல் இருந்ததும் சம்மதத்தில் சேரும். நம் சாசனம் மந்திரிசபையின் கூட்டுப் பொறுப்பைத்தான் எழுத்தில் வைத்திருக்கிறது. தன் இலாகா அதிகாரி செய்ததற்குத் தனி மந்திரி பதில் சொல்ல வேண்டும் என்பது எழுதப்படாத மரபு. வாய்மொழி உத்தரவை மடக்க, எழுதப்படாத மரபையே அவர் எடுத்தாண்டார். சாசனத்தை வரைந்த குழுவில் கிருஷ்ணமாச்சாரியும் ஓர் அங்கத்தினர் என்பது சரித்திரத்தின் குறும்பு.

பிப்ரவரியிலேயே கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமா செய்தார். அவருடைய பங்கு மிகச் சிறியது என்று நம்புவதாக நேரு அவருக்கு எழுதினார். சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி.யின் 14 மாடிக் கட்டடத்தை 1959-ல் திறந்துவைத்தவர் புதிய நிதி மந்திரி மொரார்ஜி தேசாய். நாங்கள் அந்தக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்கத்தான் பட்டணம் போனோம்.

*

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிகாரிகளின் நடத்தையை விசாரிக்க நீதிபதி விவியன் போஸ் தலைமையில் இன்னொரு குழு வந்தது. முந்த்ரா காங்கிரஸுக்குக் கொடுத்த நன்கொடைகள் பற்றிய பேச்சும் அங்கே எழுந்தது. 1957 தேர்தல் வருடம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். படேல் அரசுப் பணியை விட்டுப் போனார். 1977-ல் ஜனதா அரசில் அதே நிதி இலாகாவுக்கு மந்திரியாக வந்தார். முந்த்ரா சிறைக்குப் போனார். பெரோஸ் காந்தி 1960 செப்டம்பரில், 48 வயதுகூட நிறையாமல், இறந்தார். சாக்ளா 1963-ல் மத்தியக் கல்வி மந்திரி. கிருஷ்ணமாச்சாரி 1962-ல் மந்திரிசபைக்குத் திரும்பி, 1963-ல் காமராஜ் திட்டத்தில் மொரார்ஜி விலகியபோது விட்ட நாற்காலியிலேயே மீண்டும் உட்கார்ந்தார். 1965 கடைசி நாளில், தன்மீது சொல்லப்பட்ட வேறு புகார்களைப் பிரதம நீதிபதியின் ஆரம்பப் பரிசீலனைக்கு அனுப்ப சாஸ்திரி நினைத்ததை ஏற்காமல், இரண்டாம் முறை ராஜிநாமா செய்தார். 11 நாளில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். அந்தப் பரிசீலனை நடக்கவே இல்லை.

தனி மனிதர்களின் ஏற்ற இறக்கம் எனக்கு முக்கியமில்லை. கிருஷ்ணமாச்சாரி திறமைசாலி என்பதை அவர் எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். திறமைசாலிகளைத் தேசம் ஆயுளுக்கும் வீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ராஜ்யம் என்ற யந்திரம் 1958-லிருந்து ஒரு பாடம் படித்தது. தப்புச் செய்யக்கூடாது என்பது அந்தப் பாடமாக இருந்திருக்கலாம். ஒலிபெருக்கி கட்டக்கூடாது என்பதைத்தான் அது படித்துக்கொண்டது.

தஞ்சாவூர் ஜில்லாக்காரரான கே. சந்தானத்தின் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு 1964-ல் அறிக்கை தந்தது. விஜிலென்ஸ் கமிஷன் பிறந்தது. அது அதிகாரிகளைக் கண்காணிக்கலாம், மந்திரிகளை அல்ல. லோக்பால் மசோதா முதன்முதலாக 1968-ல் வந்தது. எட்டு முறைக்குமேல் செத்துப் பிழைத்து 2013 டிசம்பரில் சட்டமாக நிறைவேறியது. முதல் லோக்பால் நியமிக்கப்பட்டது 2019 மார்ச்சில். 51 வருஷம். ஒரு தலைமுறை பிறந்து, உத்தியோகம் பார்த்து, பென்ஷனும் வாங்கிவிடலாம்.

வாய்மொழி உத்தரவு மட்டும் சௌக்கியமாக இருந்தது. அரசு ஆபீஸில் வேலை பார்த்த எவரும் இதைச் சொல்வார்கள். நானும் கொஞ்சகாலம் ஒரு ஆபீஸில் இருந்தவன்தான். பைலில் மேலதிகாரி எழுதுவது 'பேசவும்' என்ற ஒற்றைச் சொல். போய்ப் பேசினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். திரும்பி வந்து குறிப்பை எழுதுவது கீழே இருப்பவன், தன் சொந்த அபிப்பிராயம் போல. நாளைக்கு அது தப்பென்று ஆனால் அந்த அபிப்பிராயம் அவனுடையதுதான். நம் கதைகளில் லஞ்சம் இன்னும் மேஜைக்கடியில்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது. வாங்குகிறவனுக்கு மீசையும் தொந்தியும் இருக்கிறது. 'பேசவும்' என்ற வார்த்தையின் பயங்கரத்தை எழுதியவன் என் வாசிப்பில் அகப்படவில்லை. நவீன ஊழலுக்கு முகம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. பழைய யதார்த்தவாதக் கண்ணுக்கு அது அகப்படாததில் வியப்பில்லை.

2013 அக்டோபர் 31-ல் சுப்ரீம் கோர்ட், முன்னாள் காபினெட் காரியதரிசி டி. எஸ். ஆர். சுப்ரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் போட்ட வழக்கில், அதிகாரிகள் வாய்மொழி உத்தரவுகளின்பேரில் காரியம் செய்யக்கூடாது, எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொன்னது. சந்தானம் குழுவின் பழைய சிபாரிசையும் கோர்ட் நினைவூட்டியது. முந்த்ராவின் பங்குகளை வாங்கி 56 வருஷம் கழிந்திருந்தது. தீர்ப்பைப் படித்தபோது எனக்கு 21-வது பிரிவின் அந்த இரண்டு வார்த்தைகள்தான் ஞாபகம் வந்தன.

அதற்குள் பணம் தன் சொந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டது. இங்கேயும் சாக்ளா முன்னாலேயே நிற்கிறார். முந்த்ரா விவகாரம் வெடித்த அதே 1957-ல், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர டாடா இரும்புக் கம்பெனி தன் விதிகளைத் திருத்த அனுமதி கேட்ட வழக்கு அவர்முன் வந்தது. சட்டப்படி மறுக்க வழியில்லாததால் அனுமதித்தார். ஆனால் இது வளர்ந்தால் ஜனநாயகத்தின் கழுத்தையே நெரித்துவிடும், பாராளுமன்றம் கவனிக்க வேண்டும் என்று எச்சரித்தார். பாராளுமன்றம் கவனித்தது. 1969-ல் கம்பெனி நன்கொடையைத் தடை செய்தது. தடை செய்தபின் பணம் கறுப்பாக வந்தது. 1985-ல் கதவை மறுபடியும் திறந்தது. 2017-ல் உச்சவரம்பையும், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி சொல்ல வேண்டிய கடமையையும் எடுத்துவிட்டது. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. ஸ்டேட் பாங்கில் வாங்கலாம். வாங்கியவன் பெயர் அதில் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் மட்டும் விசேஷ வெளிச்சத்தில் தெரியும். பாங்குக்குத் தெரிந்தது வோட்டருக்குத் தெரியக்கூடாது என்பது ஏற்பாடு. வாய்மொழி உத்தரவுக்குக் காகித உருவம் கொடுத்த மேதைமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

2024 பிப்ரவரி 15-ல் சுப்ரீம் கோர்ட் அதைச் சாசன விரோதம் என்று அடித்தது. விவரம் தர ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட பாங்குக்கு அது மறுக்கப்பட்டது. மார்ச்சில் பட்டியல் வெளியானது. ஆறு வருஷத்தில் 16,500 கோடிக்கு மேல் விற்றிருந்தது. பெரும்பங்கு மத்தியில் ஆளும் பாரதிய ஜனதாவுக்கு. அதிகமாக வாங்கிய நிறுவனம் ஒரு லாட்டரிக் கம்பெனி, 1,368 கோடி. 2003-லிருந்து லாட்டரி தடை செய்யப்பட்ட தமிழ்நாட்டின் தி.மு.க.வுக்கும் அதிலிருந்து 500 கோடிக்கு மேல் வந்திருந்தது. நம் ஆட்கள் மட்டும் வேறு மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் புரட்டியிருப்பார்கள். ஒரு வாரம் பேசினோம். தேர்தல் வந்தது. யாரும் ராஜிநாமா செய்ததாக நினைவில்லை.

*

பாலிசி முதிர்ந்தபோது அப்பாவுக்குப் பணம் முழுசாக வந்தது. போனஸும் வந்தது. முந்த்ராவினால் அவருக்கு ஒரு பைசா குறையவில்லை. ஏஜெண்ட் அண்ணாச்சி, "நான் அப்பவே சொன்னேன்லா" என்றார். அண்ணாச்சி சொன்னதில் தப்பில்லை. இந்த வகைத் திருட்டில் பறிகொடுத்தவனுக்குத் தான் பறிகொடுத்தது தெரியாது. பணம் 55 லட்சம் பேரிடமிருந்தோ ஐந்து கோடிப் பேரிடமிருந்தோ ஆளுக்குக் கொஞ்சமாகப் போகிறது. யாருக்கும் பை லேசாவதில்லை. ஆகவே போலீஸில் புகார் கொடுக்க ஆள் இல்லை. அவனுக்காக வேறு ஒருவன் எழுந்து கேட்டால் உண்டு.

'பொறுப்பு' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஊரில் அதைவிடக் கறாரான பிரயோகம் ஒன்று உண்டு: யார் பதில் சொல்றது? ஆடு பயிரை மேய்ந்துவிட்டால் கேட்பார்கள். கோயில் நகையில் எடை குறைந்தால் கேட்பார்கள். கேட்கிறவன் எதிரே ஒரு முகம் நிற்க வேண்டும், அது பேச வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கேள்வியைச் சீட்டில் முத்திரையாகக் குத்திக் கேட்கலாம் என்பதுதான் தேர்தலின் ஏற்பாடு.

1962 தேர்தலில் கிருஷ்ணமாச்சாரி பழைய தென்சென்னையை விட்டுவிட்டு எங்கள் திருச்செந்தூர்த் தொகுதிக்கு வந்தார். அவரை எதிர்த்து நிற்க ஆள் இல்லை. போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

சட்டசபைக்கு மட்டும் ஓட்டுப் பதிவு நடந்தது. அப்பா வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு போனார். நானும் பள்ளிக்கூட வாசல்வரை கூடப் போனேன். விரலில் மை வைத்து ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். அப்பா கையை மடக்கவில்லை. நீட்டியபடியே நின்றார்.

"பார்லிமெண்டுக்கு?"

உள்ளே இருந்த ஆபீஸரும் பக்கத்து ஊர் வாத்தியார்தான். தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அது முடிஞ்சு போச்சு, ஸார்வாள். அடுத்த ஆளுக்கு வழி விடுங்க."